இறகு போன வழி

அருமைநாயகி கைக்குழந்தையாக இருந்தபோதே பாலை மணந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தவள் என்று அவளுடைய தாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அது உண்மையோ பொய்யோ, உரும்பிராயில் அந்தக் கதையை நம்பாதவர்கள் இல்லை. சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்கினாலும் கட்டை அவிழ்த்து நடுவில் என்ன இருக்கிறதென்று பார்ப்பாள். தேங்காயை ஆட்டிப் பார்ப்பாள். ஆட்டிப் பார்த்ததை வைத்துவிட்டு, கடைக்காரர் பின்னால் ஒளித்து வைத்திருப்பதாகத் தான் நினைக்கிற வேறொன்றைக் கேட்பாள். கலியாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளையாகச் சொல்லப்பட்ட சிவசுப்பிரமணியம் உண்மையிலேயே தோட்டத்தில் வேலை செய்கிறாரா என்று வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவள். அவர் வெங்காயத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு நான் மர நிழலிலை குந்தியிருந்தா தப்பியிருப்பன்" என்று அவர் இப்போதும் சொல்வார்.

போர்க்காலம் அவளுடைய சந்தேகத்துக்கு ஒரு மரியாதையைத் தேடிக் கொடுத்தது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அருமைநாயகி நம்பவில்லை. அரிசி, பானை, சாக்கு, மண்வெட்டி என்று சைக்கிள் கொள்ளுமட்டும் கட்டினாள். அதைப் பார்த்துச் சிரித்த அயலவர்கள் பிறகு அவளிடம்தான் பானை இரவல் வாங்கினார்கள். அதன்பின் வந்த வருடங்களில் சோதனைச் சாவடிகளில் அவளுடைய பை எத்தனையோ தரம் தலைகீழாகக் கொட்டப்பட்டது. மற்றவர்கள் அழுதார்கள், அல்லது வாய்க்குள் திட்டினார்கள். அவள் கவனித்துக்கொண்டு நின்றாள். சோதிக்கிற கை முதலில் எங்கே போகிறது, எதைத் தவறவிடுகிறது, வரிசையில் நிற்பவர்களில் எதையோ ஒளித்திருப்பவர் யார் என்பதெல்லாம் மெல்ல மெல்ல அவளுக்குப் பிடிபட்டது.

போர் முடிந்து கடைகள் பெருத்தபோது அதுவே அவளுக்குத் தொழிலானது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சுப்பர் மார்க்கெற்றின் வாசலில் பெண்களின் பைகளைப் பார்க்கிற செக்கியூரிற்றி வேலை. முகப்பூச்சு ஒளித்த ரீச்சர், குழந்தையின் துணிக்குள் பால்மா வைத்த தாய் என்று பலரைப் பிடித்திருக்கிறாள். "கள்ளம் உள்ளவை தங்கடை பையைப் பாக்கமாட்டினம். வேறை எங்கையாவது பாத்துக்கொண்டு நிப்பினம்" என்பாள். அது அவளுடைய தொழில் வேதம். பல தரம் சரியாக இருந்தது.

கீர்த்திகனை அவள் முதலில் கண்டதும் அந்த வாசலில்தான். உரும்பிராயிலிருந்து கனடாவுக்குப் போன குடும்பத்துப் பிள்ளை அவன். அங்கே விலங்கியல் படித்துவிட்டுத் தாயின் காணியைப் பார்க்க வந்திருந்தான். முதுகில் பெரிய பையோடு கடைக்குள் போகப் பார்த்தவனை அவள் மறித்தாள். அவன் வாதாடினான். அவள் அசையவில்லை. பையைத் திறந்தபோது உள்ளே வளைந்த நகங்களும் எலும்புகளும் கிடந்தன.

"ஆரின்ரை எலும்பு தம்பி உது?"

"டைனோசரின்ரை, அன்ரி. உண்மையான எலும்பு இல்லை. பிளாஸ்ரிக்கிலை செய்த மாதிரி."

"மாதிரியோ என்னவோ, பை இஞ்சை இருக்கட்டும்."

அடுத்த வருடம் அதே கீர்த்திகன் அந்தக் காணியில் டைனோசர்ப் பூங்கா ஒன்றைத் திறக்க ஆயத்தம் செய்தான். வாசலுக்கு யார் என்று யோசித்தபோது அவனுக்கு அருமைநாயகியின் ஞாபகம் வந்தது. தேடிப் போய்க் கேட்டான். தான் மறித்து நிறுத்திய ஒருவன் எதற்காகத் தனக்கு வேலை தருகிறான் என்று அவள் ஒரு கிழமை யோசித்தாள். காணி உறுதி அவன் தாயின் பேரில்தான் இருக்கிறதா என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் ஓம் என்றாள்.

பூங்கா பெரிதில்லை. செம்மண் தரை, இரண்டு பலா, ஒரு பெரிய வேம்பு, அவற்றுக்கிடையே பைபர்கிளாஸில் செய்த விலங்குகள். கழுத்து நீண்டது ஒன்று, மூன்று கொம்பு உள்ளது ஒன்று. நடுவில் கீர்த்திகன் மிகவும் பெருமைப்பட்ட சோடி. வெலோசிராப்டர் என்று பலகை போட்டிருந்தது. இறைச்சி தின்கிற வேட்டை விலங்கு. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரம். உடம்பு முழுக்க இறகு.

திறப்பு விழாவுக்கு முன் வேலைக்காரர்களைக் கூட்டிக் கீர்த்திகன் ஒவ்வொன்றையும் விளக்கியபோது, அருமைநாயகி அந்தச் சோடியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"தம்பி, உங்களை ஆரோ ஏமாத்திப்போட்டினம்."

"ஏன் அன்ரி?"

"ரீவியிலை வாறது ஆளைவிடப் பெரிசு. செட்டை ஒண்டும் இல்லை, ஓணான்ரை தோல். உது பல்லு வைச்ச கோழி."

கீர்த்திகன் சிரித்தான். "ரீவியிலை வாறதுதான் பிழை. முந்தி எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சவை. பிறகு சீனாவிலை கல்லுக்குள்ளை எலும்பைச் சுத்தி இறகு பதிஞ்ச அடையாளத்தோடை நிறைய எடுத்திட்டினம். இந்த ராப்டரின்ரை முன்கை எலும்பிலை வரிசையாப் புள்ளி புள்ளியா மேடு இருக்கு. பறவையளுக்குச் செட்டை எலும்போடை சேருற இடத்திலை வாற அதே மேடு. ஆனா படம் எடுக்கிறவைக்குப் பழைய உருவம் பழகிப்போச்சு. விடுகினம் இல்லை."

"ஆர் கண்டது?"

"ஒருத்தரும் காணேல்லை. எலும்பைத்தான் கண்டது." அவன் போனை எடுத்துக் கல்லில் பதிந்த இறகின் படத்தைக் காட்டினான்.

"போனிலை என்ன படத்தையும் செய்யலாம். போன கிழமை மாடு கார் ஓடுறது பாத்தன்" என்றாள் அருமைநாயகி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழிக்கறி. அவள் செட்டை எலும்பைச் சூப்பிவிட்டு வைக்காமல், பின்னேர வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"கோழியிட்டையும் சோதனையோ?" என்று சிவசுப்பிரமணியம் கேட்டார்.

எலும்பு வழவழவென்று இருந்தது. ஒரு மேட்டையும் காணவில்லை. திங்கட்கிழமை அதைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய்க் கீர்த்திகனின் மேசையில் வைத்தாள். அவன் கோபிக்கவில்லை. கோழி பெரிதாகப் பறப்பதில்லை, அதனால் அதில் அவ்வளவாகத் தெரியாது, புறாவில் பார்க்கலாம் என்றான். "மேடு இருந்தா செட்டை இருந்தது எண்டு சொல்லலாம். மேடு இல்லாட்டி செட்டை இல்லை எண்டு சொல்லேலாது."

எதைக் கேட்டாலும் ஒரு மறுமொழி வைத்திருக்கிற ஆளைப் பற்றி அவளுக்கு நல்லெண்ணம் இருந்ததில்லை. "அப்ப உந்த நிறம்? சிவப்புச் செட்டையும் கறுத்த வாலும் எண்டு எலும்பிலை எழுதியிருக்கோ?"

"அது தெரியாது, அன்ரி."

"தெரியாதோ?"

"சிலதுக்குத் தெரியும். காகம் மாதிரிக் கறுப்பா மினுங்கிற ஒண்டு இருந்தது. இறகுக்குள்ளை இருக்கிற சின்னத் துணிக்கையை வைச்சுக் கண்டுபிடிச்சவை. உதுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. நான் எங்கடை வேலியிலை திரியிற செண்பகக் குருவியைப் பாத்துத்தான் நிறம் எடுத்தனான்."

அன்றுதான் அவள் அவனை அரைவாசி நம்பத் தொடங்கினாள்.

பார்க்க வந்தவர்கள் அப்படியில்லை. ராப்டருக்கு முன்னால் நின்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "உது வான்கோழி" என்றார்கள். சிலர் இறகைத் தொட்டுப் பார்த்து, உண்மையான கோழிச்செட்டைதான் என்று கண்டதும் இன்னும் ஏமாந்த மாதிரி நின்றார்கள்.

அந்த இறகுகளை வைத்தவள் மைமூனா. யாழ்ப்பாண நகரத்தில் முஸ்லிம்கள் வாழ்கிற சோனகதெருவைச் சேர்ந்தவள். கலியாணச் சட்டைகளுக்கு முத்தும் கல்லும் தைக்கிறது அவளுடைய தொழில். கோழிக்கடை வைத்திருக்கிற உறவினரிடம் இறகு எடுத்து, சவர்க்காரத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மெல்லிய வலைத்துணியில் வாலிலிருந்து தலைவரைக்கும் ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்து, அந்தத் துணியைப் பைபர்கிளாஸ் உடம்பில் ஒட்டியிருந்தாள். கிழமைக்கு ஒரு நாள் பஸ்ஸில் வந்து, கழன்றதைச் சீராக்கிவிட்டுப் போவாள். அதிகம் கதைக்கமாட்டாள்.

பூங்கா திறந்து கொஞ்ச நாளில் இறகு குறையத் தொடங்கியது. வெயிலில் பசை இளகி விழுந்ததல்ல. பார்த்தால் பிடுங்கின மாதிரி இருந்தது. கழுத்திலும் முதுகிலும் மெல்லிய பூவிறகுகள் போய், வலைத்துணி திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஒவ்வொரு கிழமையும் திட்டு பெருத்திருந்தது.

அருமைநாயகி முதலில் பிள்ளைகளைச் சந்தேகித்தாள். ராப்டரைச் சுற்றிக் கயிறு கட்டுவித்து, கண்ணெடுக்காமல் பார்த்தாள். ஒரு பிள்ளையும் கயிற்றைத் தாண்டவில்லை, இறகு மட்டும் போனது. பிறகு ரிக்கற் கொடுக்கிற துஷாந்தினியைச் சந்தேகித்தாள். அந்தப் பெட்டை தோடு செய்து இன்ரநெற்றில் விற்கிறவள், இறகுத் தோடும் செய்யக்கூடும். இரண்டு நாள் அவளுடைய காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துஷாந்தினி, "என்னன்ரி, என்ரை காதிலை ஏதும் கிடக்கோ?" என்று கேட்டதும் அந்தச் சந்தேகம் விட்டது. ஏனென்றால் அவள் முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டாள்.

மிச்சம் மைமூனா.

யோசிக்க யோசிக்க அது பொருந்தி வந்தது. இறகு விழுந்தால்தான் அவளுக்கு வேலை. இறகைத் தைத்தவளுக்குத்தான் அதை எப்படிக் கழற்றுவது என்றும் தெரியும். அதோடு, வருகிற நாளெல்லாம் பின்னேரம் வாசலில் பையைச் சோதிக்க வைக்கும்போது மைமூனா பையை நீட்டமாட்டாள். மேசையில் வைத்துவிட்டு, சோதித்து முடிகிற வரைக்கும் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். தன் பையை ஒருதரமும் பார்க்கமாட்டாள்.

ஒரு நாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன், அருமைநாயகி நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூட்டெக்ஸ் போத்தலோடு ராப்டருக்குப் பக்கத்தில் குந்தினாள். கழுத்திறகுகளின் அடித்தண்டில் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். வெளியே தெரியாது. பிடுங்கித் திருப்பினால் தெரியும். கீர்த்திகனுக்குச் சொல்லவில்லை.

மைமூனா வருகிற நாள் வந்தது. வந்தாள், தைத்தாள், பின்னேரம் பையோடு வாசலுக்கு வந்தாள். ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அருமைநாயகி பையைத் திறந்து கத்தரிக்கோலை விலக்கினாள், நூற்பந்தை விலக்கினாள். அடியில் ஒரு சின்னச் சொப்பிங் பாக். அதற்குள் பூவிறகுகள். ஒன்றை எடுத்துத் திருப்பினாள். தண்டில் சிவப்புப் பொட்டு.

"இது என்ன?"

மைமூனா வேலியிலிருந்து பார்வையைத் திருப்பினாள். "செட்டை. பலாவுக்குக் கீழை கிடந்தது. அலசிப்போட்டுத் திரும்பத் தைக்கலாம் எண்டு எடுத்தனான்."

"கழுத்திலை நிண்ட செட்டை பலாவுக்குக் கீழை நடந்தோ போனது? பாருங்கோ, இது நான் வைச்ச அடையாளம்."

வெளியேறிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். துஷாந்தினி ரிக்கற் யன்னலால் எட்டிப் பார்த்தாள். மைமூனா பையை இழுத்து எடுத்தாள். தலைகீழாகப் பிடித்துச் செம்மண்ணில் கொட்டினாள். சாப்பாட்டுப் பெட்டி, மாத்திரை, குடை, ஊசிப்பெட்டி எல்லாம் விழுந்து உருண்டன.

"வடிவாப் பாருங்கோ, அக்கா. ஒண்டையும் விடாதேங்கோ." அவளுடைய குரல் உயரவில்லை. "தொண்ணூறிலை எனக்குப் பதினொரு வயசு. சோனக ஆக்கள் முழுப்பேரையும் இயக்கம் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கு ரோட்டிலை மறிச்சு இப்பிடித்தான் கொட்டினவை. உம்மா தைச்ச சட்டையளை உதறி உதறிப் பாத்தவை. என்ரை காதிலை கிடந்த தோட்டை ஒரு அக்கா கழட்டினவ. சத்தம் போடேல்லை. 'தாங்கோ தங்கச்சி' எண்டு நல்ல மாதிரித்தான் கேட்டவ."

பிறகு குனிந்து பொருட்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள். இறகுகளைப் பொறுக்கவில்லை. "உது உங்கடை. வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டு பஸ் ஹோல்ற்றுக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அருமைநாயகி கணவனிடம் சொன்னாள். "நான் செட்டையைப் பற்றிக் கேட்டா, அவ தொண்ணூறாம் ஆண்டுக் கதையைச் சொல்லுறா. கதையை மாத்திப்போட்டா."

சிவசுப்பிரமணியம் வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தார். "நீர் கேட்டதுக்கு அவ மறுமொழி சொல்லேல்லையோ?"

"பலாவுக்குக் கீழை கிடந்ததாம்."

"கிடந்ததோ எண்டு போய்ப் பாத்தனீரோ?"

அவள் பார்க்கவில்லை. கீரைக்கட்டை அவிழ்த்துப் பார்க்கிறவள், கோழியெலும்பைத் தடவிப் பார்த்தவள், பத்தடி தள்ளி நிற்கிற பலாவுக்குக் கீழே போய்ப் பார்க்கவில்லை. அது அவளுக்குச் சுருக்கென்றது. அன்று அவள் அதிகம் சாப்பிடவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தாள். பலாச் சருகுக்குள் இரண்டு மூன்று பூவிறகுகள் கிடந்தன. ஒன்றில் சிவப்புப் பொட்டு இருந்தது. அப்போதும் மனம் முழுதாக விடவில்லை. மைமூனாவே போட்டுவிட்டுப் போயிருக்கலாமே?

ஆனால் மைமூனா அதற்குப் பிறகு வரவில்லை. கீர்த்திகன் எடுத்த போன் கோல்களுக்கு மறுமொழி இல்லை. நடந்ததைத் துஷாந்தினி அவனுக்குச் சொல்லியிருந்தாள். அவன் வாசலுக்கு வந்து, கோபத்தை அடக்கிக்கொண்டு, "அன்ரி, நான் உங்களைப் பை பாக்கச் சொன்னனான். ஆக்களுக்குப் பொறி வைக்கச் சொல்லேல்லை" என்றான். மைமூனா வராத நாட்களிலும் இறகு போய்க்கொண்டே இருந்தது. இப்போது ராப்டரின் முதுகு சொறி பிடித்த நாய் மாதிரி இருந்தது.

ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் அவள் பூங்காவுக்குப் போனாள். மூன்று கொம்பு உள்ளதற்குப் பின்னால் ஒரு பலகையைப் போட்டுக் குந்தினாள். வேலிக்கு அப்பால் யாரோ தோட்டத்துக்கு மோட்டர் போட்டார்கள். கோயில் மணி கேட்டது. ஒருவரும் வரவில்லை. பூங்காவில் அவளும் அந்தக் கண்ணாடிக் கண் விலங்குகளும்தான். ஒவ்வொரு விலங்கும் தன்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது. கீர்த்திகன்தான் எதற்காவது இதைச் செய்கிறானோ என்று கூட அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது.

அப்போது ஒரு மைனா வந்து ராப்டரின் முதுகில் இறங்கியது. இரண்டு எட்டு நடந்தது. தலையைச் சரித்துப் பார்த்தது. காலை ஊன்றிக்கொண்டு ஒரு பூவிறகை இழுத்தது. வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தது. இரண்டு மூன்று இறகு சேர்ந்து கழன்று வர, மைனா பின்பக்கமாகத் தட்டுத் தடுமாறி, பறந்து பலாக்கொப்பில் இருந்தது. அங்கே இறகை அலகில் சரிப்படுத்தும்போது ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அதை விட்டுவிட்டு மிச்சத்தோடு பறந்து வாசலிலுள்ள செக்கியூரிற்றிக் கொட்டிலின் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஓட்டைக்குள் நுழைந்தது. உள்ளேயிருந்து அதன் சோடி வெளியே வந்தது. அதுவும் ராப்டரிடம் போனது.

அருமைநாயகி எழும்பி வந்து, தான் நாள் முழுதும் இருக்கிற கதிரையின் மேலே ஏறி நின்று ஓட்டைக்குள் பார்த்தாள். வைக்கோல், பொலித்தீன் துண்டு, பழைய பஸ் ரிக்கற், அவற்றுக்கு மேலே மெத்தையாகப் பூவிறகுகள். அங்கங்கே சிவப்புப் பொட்டு. நடுவில் கண் திறவாத குஞ்சுகள் அவளைத் தாயென்று நினைத்து வாயைப் பிளந்தன. அவள் கதிரையிலிருந்து இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கீர்த்திகன் கூட்டைப் பார்த்துவிட்டுத் துள்ளாத குறை. "டைனோசரின்ரை செட்டையை டைனோசரே பிடுங்குது, அன்ரி! பறவையள் அந்தப் பரம்பரையிலை வந்ததுதான் எண்டு நான் சொன்னனான் எல்லோ?"

"சொன்னனீங்கள், தம்பி. எனக்கு விளங்குது. அந்தப் பிள்ளைக்கு நான் போய் என்னத்தைச் சொல்லுறது?"

அவன் சிரிப்பை நிறுத்தினான்.

விடுமுறை நாளன்று அவள் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள். யாருக்கும் சொல்லவில்லை. சோனகதெருப் பக்கம் அவள் நடந்து எத்தனையோ வருடம். புது மாடி வீட்டுக்குப் பக்கத்தில் கூரையில்லாத சுவர்கள் நின்றன. சுவருக்குள் மரம் வளர்ந்திருந்தது. கடை வாசலில் இருந்த ஒருவர், "ஆரிட்டை வந்தனீங்கள்?" என்று கேட்டார். வழியைச் சொன்ன பிறகும் அவள் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. தான் தினமும் பார்க்கிற பார்வை. முதுகில் அது படும்போது எப்படி இருக்கும் என்பதைத்தான் அவள் மறந்திருந்தாள்.

மைமூனா கதவைப் பாதி திறந்தாள். "என்ன, வீட்டையும் சோதிக்கவோ?"

"இல்லை. கள்ளனைக் கண்டிட்டன். மைனா." அருமைநாயகி போனைத் திறந்து கூட்டின் படத்தைக் காட்டினாள்.

மைமூனா படத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். "போனிலை என்ன படத்தையும் செய்யலாம். கீர்த்திகன் தம்பி வேலை நிண்டுபோச்செண்டு உங்களை அனுப்பினவரோ?"

"நான் வந்தது அவருக்குத் தெரியாது. நீங்கள் நம்பாட்டி வந்து கதிரையிலை ஏறிப் பாக்கலாம். குஞ்சும் இருக்கு." "நீங்கள் பலாவுக்குக் கீழை எண்டு சொன்னனீங்கள். நான் போய்ப் பாக்கேல்லை. பாக்காமல் கதைச்சிட்டன். ஆக்களுக்கு முன்னாலை கதைச்சிட்டன். என்ரை பிழை, தங்கச்சி."

"தங்கச்சி எண்டு சொல்லாதேங்கோ."

தெருவில் ஒரு ஓட்டோ போனது. மைமூனா அது போன பக்கம் பார்த்தாள்.

"என்ரை பேர் மைமூனா" என்றாள் அவள். கதவு இன்னும் பாதிதான் திறந்திருந்தது. "நான் வாறதெண்டா என்ரை பையை நீங்கள் தொடக்கூடாது."

பேசாமல் ஓம் என்று சொல்லியிருக்கலாம். அருமைநாயகியால் முடியவில்லை. "அது ஏலாது, மைமூனா. துஷாந்தினியின்ரை பை, மண் கொண்டுவாற ஆக்களின்ரை பை எல்லாம் பாக்கிறன். உங்கடையை மட்டும் விட்டா அது வேறை கதையாப் போகும். மற்றவை உங்களைப் புறம்பான ஆள் எண்டு பாப்பினம்."

மைமூனா யோசித்தாள். "உங்கடை பையை ஆர் பாக்கிறது?"

இத்தனை வருட வேலையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "ஒருத்தரும் பாக்கிறேல்லை."

"அப்ப நான் பாக்கிறன். உங்கடை முதல், என்ரை பிறகு."

"ஓம்" என்றாள் அருமைநாயகி.

உள்ளே வரச் சொல்லி மைமூனா கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். இந்த வழியால் போனால் கிட்ட என்று கையைக் காட்டினாள்.

குஞ்சுகள் பறந்துபோன பிறகுதான் மைமூனா வேலைக்கு வந்தாள். இந்த முறை ஒவ்வொரு இறகையும் நைலோன் நூலால் இரண்டு கட்டுக் கட்டினாள். மிஞ்சின இறகை ஒரு வலைப்பையில் போட்டுப் பலாக்கொப்பில் தொங்கவிட்டாள். மைனாக்கள் அதிலிருந்து எடுத்தன. ராப்டரிலும் இடைக்கிடை ஒன்றிரண்டு எடுக்கின்றன. அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

பின்னேரம் வாசல் மேசையில் அருமைநாயகி தன் பையை முதலில் திறந்து வைப்பாள். மைமூனா அவசரப்படாமல் பார்ப்பாள். வெற்றிலைச் சுருள், கண்ணாடிக் கூடு, கணவனுக்கு வாங்கின மாத்திரை ஒவ்வொன்றையும் தூக்கி வைப்பாள். முதல் சில நாள் அருமைநாயகிக்குக் காது சூடேறியது. தான் எங்கே பார்க்கிறோம் என்று ஒரு நாள் கவனித்தாள். வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு, கள்ளம் உள்ளவர்கள் தங்கள் பையைப் பார்க்கமாட்டார்கள் என்ற கதையை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

கீர்த்திகனிடம் ஒன்று கேட்டாள். ராப்டரின் பலகையில் எலும்பைப் பற்றியும் இறகைப் பற்றியும் எழுதியிருக்கிறது, நிறம் தெரியாது என்பதை ஏன் எழுதவில்லை? எழுதினால் சனம் மிச்சத்தையும் நம்பாது என்று தான் பயந்ததாக அவன் சொன்னான். "எழுதாட்டித்தான் நம்பாது" என்றாள். அவன் எழுதினான்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை, குடும்பத்தோடு வந்த ஒருவர் வாசலில் நின்று சத்தம் போட்டார். வேட்டை டைனோசர் என்று சொல்லிக் கோழிக்குப் பல்லு வைத்து ஊரை ஏமாற்றுகிறீர்கள் என்றார். மைமூனா அப்போதுதான் பையோடு வாசலுக்கு வந்திருந்தாள். அருமைநாயகி அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டாள்.

"நானும் நம்பேல்லை, அண்ணை. கோழியெலும்பைக்கூடத் தடவிப் பாத்தனான். செட்டை இருந்தது உண்மை, முன்கை எலும்பிலை அடையாளம் இருக்கு. உயரமும் உவ்வளவுதான். நிறம் தெரியாது, அதைப் பலகையிலை போட்டிருக்கு. தைச்சது எங்கடை மைமூனா, இந்தா நிக்கிறா. சந்தேகம் எண்டா அவவிட்டைக் கேளுங்கோ. நல்லாக் கேளுங்கோ, பிழையில்லை."

அந்த மனிதர் மைமூனாவைப் பார்த்தார். மைமூனா தன் பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் கேட்கட்டும் என்று நின்றாள். அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போய் ராப்டரைப் பார்த்தார்.

"வாசலுக்கு ஏத்த ஆளைத்தான் தம்பி பிடிச்சிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு மைமூனா பஸ்ஸுக்குப் போனாள்.

அது பாராட்டோ, குத்தலோ என்று அருமைநாயகிக்குப் பிடிபடவில்லை. வீடு வருகிற வரைக்கும் யோசித்தாள். சாப்பிடும்போது சிவசுப்பிரமணியத்திடம் கேட்டாள்.

"ரெண்டும்தான்" என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி.